ஏன் ஸார் ஒண்ணு?

2004-ம் வருஷம் ப்ளஸ் ஒன் படிக்கும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். பதில் கிடைக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவும் பதிலைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை, ஒரு எக்ஸெல் ஷீட்.

நான் காமர்ஸ் குரூப். 'டெபிட், கிரெடிட் படிச்சுட்டு ஹாயாக இருக்கலாம்' என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, வணிகக் கணிதம் என்று ஒரு பாடம் இருப்பதும், அதற்குள் கால்குலஸ் பதுங்கியிருப்பதும். வட்டிக் கணக்கு, லாப நஷ்டம் என்று நல்ல பிள்ளையாகப் போய்க்கொண்டிருந்த புத்தகம் திடீரென்று ஸைன், காஸ் என்று பேய் பிடித்தாற்போல் ஆடத் தொடங்கியது.

வாத்தியார் நல்லவர்தான். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அன்றைக்கு ஸைன் எக்ஸை 'ஃபர்ஸ்ட் பிரின்ஸிபிள்' முறையில் டிஃபரென்ஷியேட் பண்ணிக்கொண்டிருந்தார். முறை ஒன்றும் கஷ்டமில்லை. எக்ஸோடு துளியூண்டு ஹெச்சைச் சேர்க்க வேண்டும். ஸைன் எவ்வளவு மாறியது என்று பார்த்து அதை ஹெச்சால் வகுக்க வேண்டும். அப்புறம் ஹெச்சைத் தேய்த்துத் தேய்த்துப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டு போக வேண்டும். போர்டு முழுக்கத் தேய்த்த பிறகு ஒரு உருப்படி மிஞ்சியது: ஸைன் ஹெச் பை ஹெச்.

"இது ஒண்ணு" என்று எழுதினார். விடை காஸ் எக்ஸ் என்று கட்டம் போட்டார்.

நான் எழுந்தேன். "ஏன் ஸார் ஒண்ணு?"

"என்னடா?"

"ஹெச் பூஜ்யமானா மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். எப்படி ஸார் ஒண்ணு?"

அவர் கோபப்படவில்லை. "மேலே தனியா, கீழே தனியா டிஃபரென்ஷியேட் பண்ணு. மேலே காஸ் ஹெச். கீழே ஒண்ணு. ஹெச்சுக்குப் பூஜ்யம் போடு. ஒண்ணு பை ஒண்ணு, ஒண்ணு. உட்கார்."

உட்கார்ந்திருக்கலாம். என் ஜாதகத்தில் இல்லை. "ஸார், ஸைனை எப்படி டிஃபரென்ஷியேட் பண்றதுன்னுதானே ஸார் இப்போ கண்டுபிடிச்சுட்டு இருக்கோம்?"

வகுப்பே சிரித்தது. நான் அவரைக் கிண்டல் செய்வதாகப் பையன்கள் நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைத்துவிட்டார். பீரியட் முடியும் வரை பெஞ்சு மேல் நின்றேன். நிற்பது பெரிதில்லை, பழக்கம்தான். இறங்கும்போது சொன்னாரே, அதுதான் ஒட்டிக்கொண்டது: "காமர்ஸ் பயலுக்கு எதுக்குடா இந்த ஆராய்ச்சி? எழுதிட்டுப் போ."

எழுதிட்டுப் போனேன். பி.காமுக்குப் போனேன். அதற்கப்புறம் சதவிகிதத்துக்கு மேல் போகிற எந்தக் கணக்கையும் நான் தொடவில்லை.

போன மாதம் அக்கா போன் செய்தாள். தாம்பரத்தில் இருக்கிறாள். மகள் ப்ளஸ் டூ, மேத்ஸ் குரூப். போதாக்குறைக்கு வாரம் நாலு நாள் கோச்சிங் சென்டர் வேறு.

"டேய், உன் மருமக கணக்கே வேண்டாங்கறாடா. பி.காம் படிக்கப் போறாளாம்."

"பி.காமுக்கு என்னக்கா குறைச்சல்?"

"உன்னை மாதிரி ஆயிடுவாளோன்னு பயமா இருக்கு."

அடுத்த வேளையே ரயிலேறினேன். அவமானப்பட்டாலும் அக்கா கையால் தோசை நிச்சயம்.

பெண் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் பேசாமல் ஒரு விடைத்தாளை நீட்டினாள். ஸைன் எக்ஸின் டெரிவேட்டிவை நிறுவு என்பது கேள்வி. ஸைன் ஹெச் பை ஹெச் வரைக்கும் சுத்தமாக வந்திருந்தாள். அதற்குக் கீழே, 'இது ஏன் 1 என்று தெரியவில்லை. லோப்பிதால் போட்டால் திரும்பி இங்கேயேதான் வருகிறது' என்று எழுதி நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மசியில் கொழுத்த பூஜ்யம்.

"கிளாஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்க மாமா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் மக்குதான் போல இருக்கு."

பெஞ்சு மேல் நின்ற பையன் இந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இருபது வருஷமாக எனக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் எத்தனையோ உண்டு. வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

"இதெல்லாம் எதுக்கும்மா பார்த்துக்கிட்டு? எழுதிட்டுப் போயேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. விடைத்தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்து நோட்டை மூடினாள். அந்தத் தோசை எனக்கு இறங்கவில்லை. அக்காவுக்கு ஆச்சரியம். மூன்றோடு நிறுத்திவிட்டேனே!

லோப்பிதால் விதியைப் பற்றி இங்கே கொஞ்சம் புறம் பேச வேண்டும். மேலே பூஜ்யம், கீழே பூஜ்யம் என்று வந்தால் இரண்டையும் தனித்தனியே டிஃபரென்ஷியேட் பண்ணிப் பார் என்பதுதான் அது. மார்க்விஸ் டி லோப்பிதால் என்கிற பிரெஞ்சுப் பிரபு 1696-ல் போட்ட புத்தகத்தில் வந்தது. டிஃபரென்ஷியல் கால்குலஸுக்கு முதல் பாடப்புத்தகமே அதுதான். ஆனால் விதியைக் கண்டுபிடித்தவர் யோஹான் பெர்னூலி என்ற சுவிஸ்காரர். 1694-ல் பிரபு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். வருஷத்துக்கு 300 லிவர் தருகிறேன், நீ கண்டுபிடிப்பதையெல்லாம் எனக்குச் சொல், வேறு யாருக்கும் சொல்லாதே என்று. பெர்னூலி ஒத்துக்கொண்டார். ராப்பகலாக உட்கார்ந்து ரிப்போர்ட் தயார் செய்துவிட்டு, மேனேஜர் கையெழுத்தோடு அது மேலே போவதை வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். பத்திரிகைக்கு எழுதி மட்டும் மேன்ஷன் வாடகை கட்ட முடியாது. பகலில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கு எழுதுகிறேன். அன்றைக்கு ஒரு கம்பெனியின் மேனேஜர் கமிஷன். லாபத்தில் 10 சதவிகிதம். ஆனால் எந்த லாபத்தில்? 'கமிஷனைக் கழித்த பிறகு உள்ள லாபத்தில்.' காமர்ஸ் படித்தவர்கள் இப்போது புன்னகைப்பார்கள். கமிஷன் தெரிந்தால்தான் லாபம் தெரியும். லாபம் தெரிந்தால்தான் கமிஷன் தெரியும்.

வழக்கமாக 10 பை 110 என்று ஒரே போடாகப் போட்டுவிடுவேன். அன்றைக்கு மனசு தாம்பரத்தில் இருந்ததால் லாபக் கட்டத்தில் கமிஷனைக் கழித்தேன், கமிஷன் கட்டத்தில் லாபத்தை இழுத்தேன். எக்ஸெல் சட்டென்று ஒரு பெட்டியைக் காட்டியது. சர்க்குலர் ரெஃபரன்ஸ். நீ கேட்டதையே என்னிடம் திருப்பிக் கேட்கிறாயே என்ற தோரணை. பெஞ்சு மேல் ஏற்றாத குறை.

மெஷின்கூட 'எழுதிட்டுப் போ' என்று சொல்லவில்லை பாருங்கள். சுற்று இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறது.

ஆனால் அதிலேயே ஒரு ஸெட்டிங் உண்டு. சுற்றினாலும் பரவாயில்லை, திரும்பத் திரும்பப் போட்டுப் பார் என்று அனுமதி கொடுக்கலாம். கொடுத்தால் அதிகபட்சம் நூறு சுற்று வரை போட்டுப் பார்க்கும். கொடுக்கவில்லை, பேப்பரில் கையாலேயே போட்டேன். கமிஷனுக்கு முந்தைய லாபம் 1,10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் பூஜ்யம் என்று ஆரம்பித்தால் முதல் சுற்றில் 11,000. அதைக் கழித்தால் லாபம் 99,000, ஆக கமிஷன் 9,900. அதைக் கழித்துப் போட்டால் 10,010. அப்புறம் 9,999. அப்புறம் பத்தாயிரம் ரூபாய் பத்து காசு. அப்புறம் ஒரு காசு குறைவு. பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி ஊஞ்சல் ஆடி ஆடி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வேண்டுமென்றே கமிஷன் 50,000 என்று அராஜகமாக ஆரம்பித்தேன். 6,000, 10,400, 9,960, 10,004... அதே பத்தாயிரம். ஒவ்வொரு சுற்றிலும் தப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் கொண்டு விடும்.

ஆக, சுற்று என்பதாலேயே ஒரு கணக்கு தப்பில்லை. அப்படியானால் என் ஸைன் சுற்று? அதையும் சுழற்றிப் பார்த்துவிடலாமே.

ஸைன் ஹெச் பை ஹெச் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது, அதற்கு 'கே' என்று பெயர் வைத்தேன். அப்படியானால் ஸைனின் டெரிவேட்டிவ் கே பெருக்கல் காஸ். அதை லோப்பிதாலில் கொண்டுபோய்ப் போட்டேன். பூஜ்யத்தில் காஸ் ஒன்று. விடை: கே.

கே என்றால் கே. அவ்வளவுதான்! ஒன்று போட்டால் ஒன்று வரும். ஏழு போட்டால் ஏழு வரும். என் சம்பளத்தைப் போட்டால் என் சம்பளம் வரும். இந்தச் சுற்று எதையும் சுருக்கவில்லை, எதையும் தள்ளவில்லை. நாம் சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்கிறது. அண்ணன் பெயர் என்ன, தம்பிக்கு மூத்தவன். தம்பி யார், அண்ணனுக்கு இளையவன். பெயர் வரவே வராது.

சரி, நிஜத்தில்தான் எவ்வளவு என்று மேஜையிலிருந்த ஸயன்டிஃபிக் கால்குலேட்டரை எடுத்துத் தட்டினேன். ஒன்றுக்கு ஸைன் போட்டு ஒன்றால் வகுத்தேன். 0.01745. பகீரென்றது. 0.1 போட்டேன். மறுபடியும் 0.01745. இருபது வருஷத்துக்கு முன் வாத்தியார் சொன்னதே பொய்யா! ஒரு நிமிஷம் எனக்கு ஏற்பட்ட குரூர சந்தோஷத்தை ஒளிக்க விரும்பவில்லை.

அப்புறம்தான் பார்த்தேன், கால்குலேட்டர் டிகிரியில் இருந்தது. ரேடியனுக்கு மாற்றி 0.1 போட்டேன். 0.99833. 0.01 போட்டேன். 0.99998. வாத்தியார் ஜெயித்துவிட்டார்.

ஆனால் அந்த 0.01745 தப்பான எண் இல்லை. பையை 180-ஆல் வகுத்தால் வருவது. கோணத்தை டிகிரியில் அளக்கும் தேசத்தில் ஸைன் ஹெச் பை ஹெச் அங்கேதான் போகும். அந்தத் தேசத்தில் லோப்பிதால் சுற்றைச் சுற்றியிருந்தால், கே என்றால் கே, 0.01745 என்றால் 0.01745 என்று அதுவும் பூரண திருப்தியோடு தலையாட்டியிருக்கும். அந்த 'ஒண்ணு' எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சுற்றுக்குள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. வெளியிலிருந்து வரவேண்டும். கோணத்தை எப்படி அளந்தோம் என்பதிலிருந்து வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி தாம்பரம். இந்தத் தடவை தோசைக்கு முன்பே தட்டைக் கேட்டேன். காலித் தட்டு, ஒரு பென்சில், பூக்கட்டுகிற நூல்.

முதலில் மன்னிப்பு. "போன வாரம் நான் சொன்னது தப்பும்மா. நீ நிறுத்தின இடம் சரியான இடம்." மாமாக்கள் இப்படிப் பேசிக் கேட்டிராததால் சந்தேகமாகப் பார்த்தாள். கமிஷன் கணக்கைக் காட்டினேன், கே என்றால் கே காட்டினேன். லேசாகச் சிரித்தாள். "அப்ப நான் மக்கு இல்லையா?" என்றாள். பெஞ்சு மேல் நின்ற கதையைச் சொன்னேன். அக்காவுக்கே அது புதுச் செய்தி.

அப்புறம் தட்டை வைத்து வட்டம் போட்டேன். ஆரம் அளவுக்கு நூலை வெட்டி விளிம்பு மேல் ஒட்டினாற்போல் வைத்தேன். அது பிடிக்கிற கோணம்தான் ஒரு ரேடியன். அதாவது ஆரம் ஒன்று என்றால் கோணமும் வில்லின் நீளமும் ஒரே எண். நெட்டுருப் போட்ட சூத்திரம் நூலாக எதிரே கிடந்தது. அப்புறம் புத்தகத்தில் உள்ள நிரூபணம்: உள்ளே ஒரு முக்கோணம், அதைவிடப் பெரிதாக ஒரு வட்டத் துண்டு, அதையும் மூடிக்கொண்டு வெளியே ஒரு பெரிய முக்கோணம். பரப்பளவுகள் வரிசையாக அரை ஸைன், அரை எக்ஸ், அரை டேன். கொஞ்சம் வகுத்தால் ஸைன் எக்ஸ் பை எக்ஸ், காஸுக்கும் ஒன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். கோணம் சுருங்கினால் காஸ் ஒன்றை நோக்கி நகரும். நடுவில் இருப்பவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஒன்று!

வெற்றியோடு நிமிர்ந்தேன். அக்கா தோசைக்கல்லைப் பற்றவைத்தாள்.

"மாமா, வட்டத் துண்டோட பரப்பு அரை எக்ஸ்னு எப்படித் தெரியும்?"

"முழு வட்டம் பை ஆர் ஸ்கொயர். அதுல ஒரு பங்கு."

"பை ஆர் ஸ்கொயர் எப்படி வந்துச்சு?"

"வட்டத்தைப் பீட்ஸா மாதிரி வெட்டி, தலைகீழா மாத்தி மாத்தி அடுக்குவாங்க. ரொம்பப் பொடிசா வெட்டினா வளைவு நேராயிடும். செவ்வகமாயிடும்."

அவள் பென்சிலை எடுத்து ஒரு துண்டு வரைந்தாள். வளைந்த பக்கத்துக்குப் பக்கத்தில் நேர்க்கோடு ஒன்று இழுத்தாள். "பொடிசா வெட்டினா இந்த வளைவும் இந்தக் கோடும் ஒண்ணாயிடும்னு சொல்றீங்க. அந்தக் கோட்டில் பாதி ஸைன். வளைவில் பாதி எக்ஸ். ரெண்டும் ஒண்ணாயிடும்னா..."

ஸைன் எக்ஸ் பை எக்ஸ் ஒன்று. திரும்பி அங்கேயேதான் வந்திருந்தோம்.

எனக்கு வியர்த்தது. கோச்சிங் சென்டர் ஆசாமி ஏன் பூஜ்யம் போட்டார் என்பது லேசாகப் புரிந்தது. ஆனால் இவள் புதிதாக எதையும் கிளப்பிவிடவில்லை. இதே புகாரைச் சொல்லி ஃபிரெட் ரிச்மன் என்ற கணித நிபுணர் 1993-ல் அமெரிக்கக் கல்லூரிக் கணிதப் பத்திரிகை ஒன்றில் கட்டுரையே எழுதியிருக்கிறார். தலைப்பு, தமிழில் சொன்னால், 'ஒரு சுற்று வாதம்'. இதை அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்துத்தான் தேடிப் படித்தேன்.

அன்றைக்குக் கைகொடுத்தவர் ஆர்க்கிமிடீஸ். குளியல் தொட்டியிலிருந்து ஓடினதாகச் சொல்வார்களே, அவரேதான். வட்டத்தை அளக்க உட்கார்ந்த அந்த மனிதர் ஒரு காரியம் செய்தார். 'கோளமும் உருளையும்' என்ற நூலின் ஆரம்பத்திலேயே, இவற்றை நான் நிரூபிக்கப் போவதில்லை, ஏற்றுக்கொண்டு ஆரம்பிக்கிறேன் என்று சிலவற்றை எழுதி வைத்தார். அதில் ஒன்றைத் தாம்பரம் பாஷையில் சொல்வதென்றால்: ஒரே இடத்தில் புறப்பட்டு ஒரே இடத்தில் சேருகிற இரண்டு ரோடு. இரண்டும் ஒரே பக்கமாகத்தான் புடைத்துக்கொண்டு போகின்றன. ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கிறது. வெளியே இருப்பதுதான் நீளம்.

"இதுக்குப் பரப்பே வேண்டாம்மா. நேர்க்கோடு உள்ரோடு. வளைவு நடு ரோடு. வெளியே தொட்டுக்கிட்டுப் போற ரெண்டு கோடும் சேர்ந்து பைபாஸ். பாதி பாதியாப் பார்த்தா ஸைன், எக்ஸ், டேன். வரிசை வந்தாச்சு."

"இதுக்கு என்ன ஆதாரம்?"

"இல்லை."

"இல்லையா?"

"நம்ம கணக்குல இந்த வருஷ ஓப்பனிங் பேலன்ஸ் எங்கேர்ந்து வருது? போன வருஷக் க்ளோஸிங். போன வருஷத்துது? அதுக்கு முந்தின வருஷத்துது. இப்படியே பின்னாடி போனா கடையைத் திறந்த அன்னிக்குப் போய் நிக்கும். அன்னிக்கு ஓப்பனிங் பேலன்ஸ் கிடையாது. முதலாளி கையிலிருந்து போட்ட பணம். அதுக்குப் பேரே முதல்தான். ஆர்க்கிமிடீஸ் போட்ட முதல் இது."

இவ்வளவு நல்ல தமிழ் என் வாயிலிருந்து வந்ததில் எனக்கே புல்லரித்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நூலை விளிம்பிலிருந்து எடுத்து நீட்டிப் பிடித்தாள். மறுபடி விளிம்பில் வைத்தாள். மறுபடி நீட்டினாள்.

"மாமா, நீளம்னா நேர்க்கோட்டுக்குத்தானே அளவு வச்சிருக்கோம்? வளைஞ்ச கோட்டுக்கு நீளம்னா என்ன அர்த்தம்?"

நான் வாட்சைப் பார்த்தேன். கடைசி ரயிலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னை மட்டும் சைகையால் கூப்பிட்டாள்.

"என்னடா சொல்றா? கணக்கா, பி.காமா?"

"அது தெரியலைக்கா. வளைஞ்ச கோட்டுக்கு நீளம்னா என்னன்னு கேக்கறா."

"அது நல்லதா, கெட்டதா?"

திரும்பிப் பார்த்தேன். மடித்து வைத்திருந்த விடைத்தாளை எடுத்து விரித்து, அந்தப் பூஜ்யத்தின் மேலேயே நூலை வளைத்து வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு தோசை போடுக்கா" என்றேன். "ரயில் போனாப் போகுது."